வாத்தியார் வேலை வேண்டாம், ஆனால் பள்ளிக்கூடத்தில்தான் வேலை வேண்டும்: எந்த வழியாகப் போவது?

செந்தூல்_மலர்

எல்லாருக்கும் வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள். மலாய்மொழியில் D, கணிதத்தில் C+, அறிவியலில் C. பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கும், வகுப்பில் நின்று பாடம் நடத்துவதில் விருப்பம் இல்லை. பள்ளியில் ஆசிரியர் அல்லாத வேலைகள் என்னென்ன, எதற்கு எங்கே மனு போடுவது, எதில் ஏமாற வாய்ப்பு அதிகம்? இருப்பது கோலாலம்பூரில். பினாங்கில் சித்தி வீடு இருப்பதால் அங்கே கிடைத்தாலும் சரி.

கவுண்டர்_3

மலர், வேலையின் பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, சம்பளம் யார் போடுகிறார்கள் என்பதுதான். ஒரே பள்ளி வளாகத்துக்குள் நான்கு வகை முதலாளிகள் இருக்கிறார்கள்.

கிராணி (அலுவலக எழுத்தர்), பி.பி.எம். (மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்), லேப் உதவியாளர், கணினி டெக்னீஷியன் இவர்களெல்லாம் கல்வி அமைச்சின் கீழ் வரும் அரசு ஊழியர்கள். ஜாகாவும் (காவலாளி) துப்புரவுத் தொழிலாளியும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பள்ளி வாரியமோ சொந்தக் காசில் வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் இருப்பார். சிற்றுண்டிச்சாலையில் இருப்பவர் அதன் நடத்துநரிடம் வேலை செய்பவர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாருமே "ஸ்கூல்ல வேலை"தான். லீவு, ஓவர்டைம், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), வேலை நிரந்தரம் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு.

அரசாங்க வழிக்கு இப்போது தடையாக நிற்பது அந்த D. எஸ்.பி.எம். தகுதியில் ஆள் எடுக்கும் பதவிகளுக்கு மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும், அதாவது குறைந்தது C. D, E தேர்ச்சிதான், கிரெடிட் ஆகாது. மற்ற பாடங்களில் A வாங்கியிருந்தாலும் இதற்கு விலக்கு கிடையாது. நம் பிள்ளைகள் நிறைய பேர் இந்த ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருப்பவர்கள் மலாய்மொழியை மட்டும் தனியாக மறுதேர்வு எழுதலாம். வரலாறு, கணிதத்துக்கும் மறுதேர்வு உண்டு. தனித்தேர்வாளராகப் பதிய வேண்டும். பதிவு எப்போது திறக்கிறது என்று மாநிலக் கல்வி இலாகாவின் தேர்வுப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

செந்தூல்_மலர்

நன்றி அண்ணே. கிரெடிட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிராணி வேலைக்குப் பள்ளியில் போய் நேராக மனு கொடுக்கலாமா?

கவுண்டர்_3

முடியாது. தலைமையாசிரியருக்கு அரசு கிராணியை நியமிக்கும் அதிகாரம் இல்லை. கிராணி வேலை பொதுச் சேவை ஆணையம் வழியாக. எஸ்.பி.ஏ. என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய எஸ்.பி.ஏ.9 தளத்தில் பதிந்து பதவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு ஒரு வருடம்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். பலர் ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அழைப்பு வரும் நேரத்தில் பதிவு காலாவதியாகிக் கிடக்கும்.

ஆசிரியர் நியமனம் எஸ்.பி.பி. என்ற வேறு ஆணையம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கிராணி என்பது எல்லா அமைச்சுக்கும் பொதுவான பதவி. சம்பளத் தரம் முன்பு N19, 2024 டிசம்பர் 1-இல் வந்த புதிய சம்பள முறையில் N1. மருத்துவமனைக்கும் போடலாம், குடிநுழைவுத் துறைக்கும் போடலாம். "தமிழ்ப்பள்ளி ஆபீஸ்தான் வேண்டும்" என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. பள்ளி கிடைத்தாலும் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. பள்ளியும் பிள்ளைகளும்தான் முக்கியம் என்றால் பி.பி.எம். பதவியைக் குறிவையுங்கள். அது பள்ளிக்கென்றே உள்ள பதவி. விளம்பரம் வரும்போது மனுவை எந்தத் தளத்தில் போடுவது என்பதும் அதிலேயே இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள்.

தேர்வு, நேர்முகம், நியமனம் எதற்கும் எஸ்.பி.ஏ. காசு வாங்குவதில்லை. "உள்ளே ஆள் இருக்கு, 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தா லெட்டர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் யார் சொன்னாலும் அது மோசடி.

தேவிகா_பாயான்

பி.பி.எம். பற்றி நான் எழுதுகிறேன். நிறைய பேர் இதை "பிள்ளை பார்த்துக்கிற வேலை" என்று நினைத்து வந்துவிட்டுத் திணறுகிறார்கள்.

இரண்டு இடத்தில் பி.பி.எம். உண்டு. ஒன்று பாலர் பள்ளி. அமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள், ஓர் ஆசிரியர், ஒரு பி.பி.எம். பசியாறல் தயாரிப்பது, பரிமாறுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது, வகுப்பை ஒழுங்கு செய்வது, ஆசிரியர் குழுவாகப் பிரித்து நடத்தும்போது மற்ற குழுவோடு உட்காருவது இதெல்லாம் வேலை. சமையல் தெரியாதவர்களுக்கு முதல் மாதம் சிரமம். 25 பேருக்கு மீகூன் பிரட்டி, பரிமாறி, பாத்திரம் கழுவி, அடுத்த நடவடிக்கைக்கு வகுப்பைத் தயார் செய்ய ஒன்றரை மணி நேரம்கூடக் கிடைக்காது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் சமையல் இடத்துச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். முட்டை, கடலை, இறால் இந்த மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்று சிறப்புக் கல்வி வகுப்பு. வேலை கடினம், மனநிறைவும் அதிகம். இங்கே தெரிந்திருக்க வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது என்பது தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. சுற்றியுள்ள நாற்காலி மேசையை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். இழுப்பு நின்றதும் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டி, துணி எதையும் வைக்கக் கூடாது, கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவு வராமல் மறுபடி வந்தாலோ 999.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாய் சற்றுக் கீழே இருக்கும்படி பார்த்து, சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல் வராமலேயே நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு, நாலு நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போதுதான் தெரியும். ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.

சக்கர நாற்காலியிலிருந்து தூக்கும்போது பிரேக் போட்டிருக்கிறதா, கால் தட்டு மடக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். பி.பி.எம். பலருக்கும் முதுகு போவது ஒற்றை ஆளாய் அவசரத்தில் தூக்கும்போதுதான்.

டயப்பர் மாற்றுவதும் கழிப்பறை உதவியும் கையுறையோடு. எப்போது, யார், என்ன உதவி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னொரு பெரியவருக்குத் தெரியாமல் பிள்ளையைத் தனியே அழைத்துப் போகாதீர்கள். பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. உடலில் காயமோ சந்தேகப்படும்படி ஏதுமோ தெரிந்தால் அன்றே ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்ல வேண்டும். தாலியான் காசிஹ் என்ற உதவித் தொலைபேசி 15999 எல்லா நேரமும் உண்டு. மருந்து கொடுப்பது என்றால் பெற்றோரின் எழுத்து அனுமதியும் பள்ளியின் அனுமதியும் வேண்டும். அம்மா பையில் வைத்து அனுப்பினார் என்பது போதாது.

பர்னர்

தேவிகா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வராத நாளில் பி.பி.எம்.-ஐ வகுப்பில் தனியே விட்டுவிட்டுப் போவது, ஆபீஸ் வேலைக்கு இழுப்பது இரண்டும் சில பள்ளிகளில் நடக்கும். உங்கள் பணிப் பட்டியல் மை போர்ட்ஃபோலியோ என்ற பணிக்கோப்பில் இருக்க வேண்டும். அது கையில் இருந்தால் மரியாதையாகவே எடுத்துக்காட்டலாம்.

மலரின் தங்கைக்கு அறிவியலில் C என்றீர்கள். இடைநிலைப்பள்ளி லேப் வேலையையும் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் இந்தப் பதவி இல்லை. முன்பு C19 என்றிருந்த பதவி. மலாய்மொழி கிரெடிட்டோடு அறிவியல் சார்ந்த பாடத் தகுதியும் கேட்பார்கள், விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குழாய் கழுவுவது மட்டும்தான் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். ஆசிரியர் 1 மோலார் கந்தக அமிலம் ஒரு லிட்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் இருப்பது 98 விழுக்காட்டு அடர் அமிலம், ஏறக்குறைய 18.4 மோலார். ஆக 54 மில்லிலிட்டர் போதும். பெரிய பீக்கரில் 600 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை எடுத்துக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்து, அமிலத்தை நீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். நீரை அமிலத்துக்குள் ஊற்றினால் மேலே விழும் துளி அப்படியே கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். முழுக்க ஆறிய பிறகே அளவுக் குடுவைக்கு மாற்றிக் கோடு வரை நிரப்ப வேண்டும். சூடாக இருக்கும்போது நிரப்பினால் ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், செறிவு கூடிவிடும், மாணவர்களின் டைட்ரேஷன் எண் எதுவும் பொருந்தாது.

சோடியம் ஹைட்ராக்சைடு 1 மோலாருக்கு லிட்டருக்கு 40 கிராம். காகிதத்தில் நிறுக்காதீர்கள், காற்றின் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பீக்கரில் வேகமாக நிறுத்து, பிளாஸ்டிக் போத்தலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்டால் இறுகிப்போய்த் திறக்க வராது. அயோடின் நேராக நீரில் கரையாது. பொட்டாசியம் அயோடைடு 20 கிராமைக் கொஞ்ச நீரில் கரைத்து, அதில் அயோடின் 12.7 கிராம் போட்டுக் கரைந்த பிறகு ஒரு லிட்டராக்கினால் 0.05 மோலார். சுண்ணாம்பு நீரை முதல் நாளே கலக்கி வைத்து மறுநாள் தெளிவை மட்டும் வடித்து எடுக்க வேண்டும். மூடி தளர்வாக இருந்தால் காற்றுப் பட்டே பால்போல் ஆகிவிடும், பிறகு பரிசோதனையில் என்ன தெரியும்?

2021 முதல் எஸ்.பி.எம். இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வு. அந்தக் காலத்தில் லேப் உதவியாளர்மேல்தான் முழுப் பாரமும். பொருள் பட்டியல் ரகசியமாக வரும். ஒவ்வொரு மாணவர் இடத்திலும் ஒரே செறிவு, ஒரே பிராண்ட் கருவி இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஒரு போத்தலிலிருந்தும் மீதிப் பேருக்கு வேறு போத்தலிலிருந்தும் ஊற்றினால் பிள்ளைகளின் மதிப்பெண் அடிபடும்.

செந்தூல்_மலர்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பள்ளி விடுமுறையில் இவர்களுக்கும் லீவுதானே?

கவுண்டர்_3

இல்லை. ஏமாற்றத்தில் முதலாவது இதுதான். தவணை விடுமுறை ஆசிரியருக்கு மட்டும். ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் விடுமுறையிலும் பஞ்ச் அடித்து வேலைக்கு வர வேண்டும், ஓய்வு வேண்டுமென்றால் வருடாந்திர லீவில்தான். கிராணிக்கு அந்த வாரங்களில்தான் பழைய ஃபைல்களைச் சரிசெய்ய நேரமே கிடைக்கும். சொந்தப் பிள்ளைகளோடு விடுமுறையில் வீட்டிலிருக்கலாம் என்ற கணக்கில் வருபவர்கள் இதை யோசித்து முடிவெடுங்கள்.

இரண்டாவது ஏமாற்றம் பென்ஷன். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, இ.பி.எஃப்.தான். சம்பளம் முன்பைவிடப் பரவாயில்லை. அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் சேர்த்துக் குறைந்தது 2,000 வெள்ளி என்று 2024 ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். புதிய முறையில் உயர்வு இரண்டு கட்டம், 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7.

பள்ளிக் கிராணி என்ன செய்வார் என்றும் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கினால் அப்போதே ரசீது, தாமதிக்காமல் வங்கியில் கட்டுவது, பண ஏடு, ஒவ்வொரு கட்டணத்துக்கும் வவுச்சர், மாதம் தவறாமல் வங்கி ஒப்புநிலை அறிக்கை. அரசு மானியக் கணக்கையும் சுவா கணக்கையும் (மானியம் அல்லாத பணம்) கலக்கக் கூடாது. தணிக்கையில் அதிகம் மாட்டுவது இங்கேதான். ஒரு கணக்கில் காசு குறைகிறதென்று இன்னொன்றிலிருந்து "அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று எடுப்பார்கள். நல்ல நோக்கத்தோடு எடுத்தாலும் அது குற்றம்தான். தலைமையாசிரியரே சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். மாணவர் பதிவு இட்மீ தளத்தில், ஊழியர் லீவும் ஆண்டு மதிப்பீடும் ஹெச்.ஆர்.எம்.ஐ.எஸ்.-இல், சம்பள மாற்றத்துக்கு கியூ 8 படிவம், சொத்துக்கு கியூ.பி.ஏ. பதிவேடு. எல்லாக் கடிதமும் மலாயில். அதனால்தான் அந்தக் கிரெடிட்டைக் கேட்கிறார்கள் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உணர்வீர்கள்.

தமிழ்ப்பள்ளி கவுண்டரில் இன்னொன்று முக்கியம். பிறப்புச் சான்றிதழோ மைகிட்டோ (பிள்ளைகளின் அடையாள அட்டை) சரியாக இல்லாத பிள்ளையோடு ஓர் அம்மா வந்து நிற்பார். "பேப்பர் இல்லன்னா சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மாவட்டக் கல்வி இலாகா வழியாகச் சேர்க்க ஏற்பாடு இருக்கிறது. அந்தப் படிவத்தை எடுத்து உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கும் கிராணி ஒரு பிள்ளையின் படிப்பையே காப்பாற்றுகிறார். நம் சமூகத்தில் இந்தப் பிரச்சினை எவ்வளவு என்று இங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

ஷிப்ட்_காசி

ஜாகா வேலையப் பத்தி யாரும் எழுதல. நம்ம ஆளுங்க நெறைய பேர் இதுல இருக்காங்க, கணக்கு தெரியாம கம்மியா வாங்கிட்டுப் போறாங்க. அதனால எழுதுறேன்.

சம்பளம் போடுறது பள்ளி இல்ல, செக்யூரிட்டி கம்பெனி. கம்பெனிக்கு உள்துறை அமைச்சு லைசென்ஸ் இருக்கணும், காவலருக்கு சி.எஸ்.ஜி. ங்கற காவலர் சான்றிதழ்ப் பயிற்சி இருக்கணும், போலீஸ் சரிபார்ப்பு நடக்கும்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில வந்துச்சு, அஞ்சு பேருக்குக் கீழ உள்ள எடத்துக்கு அதே ஆகஸ்ட்ல. 1,700-ஐ 26-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 65.38. வாரத்துக்கு 45 மணிதான் சாதாரண வேலை நேரம், ஆறு நாளைக்குப் பிரிச்சா நாளைக்கு 7.5 மணி, ஆக மணிக்கு 8.72. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 13.08. 12 மணி நேர ஷிப்ட்ல அரை மணி சாப்பாட்டு நேரம் போக 4 மணி ஓவர்டைம்னா 26 நாளைக்கு 104 மணி. சட்டப்படி ஒரு மாசத்துக்கு ஓவர்டைம் உச்சவரம்பும் அதே 104 தான். 104 பெருக்கல் 13.08, அதாவது 1,360. ஆக மொத்தம் 3,060. சாப்பாட்டு நேரம் அரை மணிக்கு மேல போனா அதுக்குத் தகுந்த மாதிரி குறையும். "எல்லாம் சேர்த்து 2,000" னு சொல்லி 12 மணி நேரம் நிக்க வச்சா அது சட்டத்துக்கு விரோதம். சம்பளச் சீட்டுல அடிப்படை தனியா, ஓவர்டைம் தனியா இருக்கணும். இல்லன்னா தொழிலாளர் இலாகாவுல புகார் போடலாம், காசு கட்டத் தேவையில்ல.

பெரிய நஷ்டம் எங்கன்னா குத்தகை மாறும்போது. கம்பெனி மாறும், ஆள் அதே ஆள், அதே கேட். ஆனா சர்வீஸ் மறுபடி சைபர்ல தொடங்கும். அஞ்சு வருசம் தாண்டி 16 நாள் வருடாந்திர லீவு வாங்கினவருக்கு மறுபடி 8 நாள். பழைய கம்பெனி வேலைய விட்டு நிறுத்துதுன்னா நிறுத்தக் கடிதம் கேட்டு வாங்குங்க. ஒரு வருசத்துக்கு மேல சர்வீஸ் இருந்தா நிறுத்தப் பலன் உண்டு. ரெண்டு வருசத்துக்குக் கீழ வருசத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் 15 நாள், அதுக்கு மேல 20 நாள். "நீயே ராஜினாமா எழுதிக் கொடு, புது கம்பெனில சேத்து விடுறேன்" னு சொன்னா கையெழுத்துப் போடாதீங்க. போட்டா அந்தப் பலன் போச்சு.

குவாலி_மாமி

காசி தம்பி எழுதியது பலருக்கு உதவும். சிற்றுண்டிச்சாலைக்கு நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை செய்ய உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். தடுப்பூசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இவை இல்லாமல் சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் அபராதம். சொந்தமாக எடுத்து நடத்த நினைப்பவர்கள் மாணவர் எண்ணிக்கையைக் கேட்காமல் இறங்க வேண்டாம். 80 பிள்ளைகள் உள்ள தமிழ்ப்பள்ளியில் துணை உணவுத் திட்டம் (வசதி குறைந்த பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அரசு பணம் தருவது) இல்லாமல் கட்டுப்படியாகாது. தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2.50-ஆக இருந்ததை 2023-இல் 3.50 ஆக்கினார்கள். அந்தப் பணம் தாமதமாக வரும், இரண்டு மாதச் சாமானுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

யசோ_பிரிக்பீல்ட்ஸ்

மலர், மறுதேர்வு முடிவு வரும்வரை தங்கை சும்மா இருக்க வேண்டியதில்லை. தனியார் பக்கமும் இருக்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்குத் தீவிலும் அனைத்துலகப் பள்ளிகளில் கற்றல் ஆதரவு உதவியாளர்களை எடுக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும். சிலர் டிப்ளோமா கேட்பார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வகுப்பில் உட்காரும் தனித் துணையாளர் வேலைக்கு இப்போது தேவை அதிகம். இங்கே முதலாளி பெரும்பாலும் பெற்றோரேதான். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் உண்டா, பள்ளி விடுமுறை மாதத்தில் எவ்வளவு, வேலையை நிறுத்த எத்தனை வார முன்னறிவிப்பு, வகுப்புக்குள் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. ஆசிரியர் ஒன்று சொல்வார், அம்மா வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்வார், நடுவில் பிள்ளை குழம்பும். பள்ளியின் எழுத்து அனுமதியும் வேண்டும். இ.பி.எஃப். கட்டும் முதலாளி இல்லையென்றால் ஐ-சாரான் என்ற சுய சேமிப்புத் திட்டத்தில் நீங்களே போடலாம். அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கும், வருடத்துக்கு 500 வெள்ளி வரை.

துணையாளர் வேலையின் நோக்கமே பிள்ளை மெல்ல மெல்லத் தானே செய்ய வேண்டும் என்பதுதான். பென்சிலை எடுத்துக் கொடுப்பது, பதிலைக் காதில் சொல்வது, மற்ற பிள்ளைகளோடு பேச விடாமல் ஒட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான், ஆனால் பிள்ளை உங்களையே நம்பி நின்றுவிடும். சொல்வதற்கு முன் பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள். முதலில் சைகை, பிறகு ஒரு சொல், கடைசியாகத்தான் கை பிடித்து உதவுவது.

தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையம்) பராமரிப்பாளர் வேலைக்கு 18 வயதும் கே.ஏ.பி. என்ற குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியும் வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் 3 குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 5 பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வரை 10 பேருக்கு ஒருவர். நேர்முகத்துக்குப் போகும்போதே குழந்தைகளையும் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரே ஆள் எட்டுக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே சேர வேண்டாம். விபத்து நடந்தால் பழி கூலிக்கு நிற்பவர்மேல்தான் விழும்.

செந்தூல்_மலர்

பெற்றோர் ஆசிரியர் சங்கம் வைக்கும் வேலை பற்றிக் கவுண்டர் அண்ணன் சொன்னார். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்புக்கு உதவியாள் தேடுகிறார்களாம், மாதம் 900 வெள்ளி. போகலாமா?

கவுண்டர்_3

எத்தனை மணி நேரம்? முழு நேர வேலை என்றால் 1,700-க்குக் கீழ் கொடுக்க முடியாது. அரை நாள் என்றால் மணிக்கு 8.72-க்குக் குறையாமல் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். காலை 7.30 முதல் 11.30 வரை, வாரம் 5 நாள் என்றால் மாதம் ஏறக்குறைய 87 மணி, 759 வெள்ளி. அப்போது 900 சரிதான். மாலை 3 மணி வரை நிற்கச் சொன்னால் சரியில்லை.

நியமனக் கடிதம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். சங்கத்தின் செயலவை ஆண்டுக் கூட்டத்தில் மாறும். புதிய செயலவை "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் கேட்க இடமில்லை. கடிதத்தில் தேதி, நேரம், சம்பளம், இ.பி.எஃப்., சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), எந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள் எல்லாம் இருக்கட்டும், ஒரு நகல் பள்ளி ஆபீஸிலும் இருக்கட்டும். சங்கப் பணியில் எத்தனை வருடம் செய்தாலும் அது அரசு வேலையாக மாறாது. "ரெண்டு வருசம் இருங்க, அப்புறம் பெர்மனன்ட் ஆக்கிடலாம்" என்று தலைமையாசிரியர் அன்போடு சொன்னாலும் அவரால் முடியாத காரியம். ஆனால் அந்த அனுபவத்துக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் வாங்கினால் பி.பி.எம். நேர்முகத்தில் நன்றாக உதவும்.

தேவிகா_பாயான்

நேர்முகத்தில் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். ருக்குன் நெகாரா (தேசியக் கோட்பாடு), கல்விச் சட்டம் 1996, அமைச்சர் யார், தலைமை இயக்குநர் யார், 2019 முதல் நடப்பிலுள்ள ஜீரோ ரிஜெக்ட் கொள்கை (எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது) என்ன என்பதெல்லாம் வரும். பிறகு சூழல் கேள்விகள். "மாணவன் உங்களைக் கடித்தால்?", "வகுப்பைவிட்டு ஓடினால்?" பதில் மலாயில். கடித்தால் இழுக்காமல், கடித்த பக்கமே மெல்ல அழுத்தி விடுவிக்க வேண்டும், இழுத்தால் தோல் கிழியும். பிறகு சோப்பும் நீரும் கொண்டு கழுவி, பதிவு செய்து, ஆசிரியரோடு உட்கார்ந்து எதனால் கடித்தான் என்று பார்க்க வேண்டும். இப்படி வரிசையாகச் சொல்பவரைத்தான் எடுப்பார்கள். "கண்டிப்பேன்" என்பவரை எடுக்க மாட்டார்கள்.

பினாங்கு என்றால் ஒரு எச்சரிக்கை. ஐந்து மாவட்டம். சித்தி வீடு தீவில் இருந்து, வேலை செபராங் பிறை செலாத்தானில் கிடைத்தால் தினமும் பாலம் தாண்டி நிபோங் திபால் வரை. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை, காருக்கு முதல் பாலத்தில் 5.74 வெள்ளி. மனுவில் இட விருப்பம் கேட்டால் இதை நினைத்துக் குறியுங்கள். கோலாலம்பூரில் பங்சார்-புடு, கெராமாட், செந்தூல் மூன்று பிரிவுதான், எது கிடைத்தாலும் எல்.ஆர்.டி., பஸ் இருக்கிறது.

செந்தூல்_மலர்

அந்த வேலை காலை 7.30 முதல் 12 வரையாம், கேட்டுவிட்டேன். கடிதம் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்தோடு தருவதாகச் சொல்கிறார்கள். மதியத்தில் மலாய்மொழிக்குப் படிக்க நேரம் இருக்கும். எஸ்.பி.ஏ.9-இல் இப்போதே பதியலாமா, கிரெடிட் வந்த பிறகா?

கவுண்டர்_3

கிரெடிட் கேட்கும் பதவிக்கு முடிவு வந்த பிறகு பதியுங்கள். இல்லாத கிரேடைப் போட்டுவிட்டு அசல் சான்றிதழைச் சரிபார்க்கும்போது மாட்டினால் அந்த மனு அதோடு போய்விடும். பதியும்போது தங்கையின் சொந்த மின்னஞ்சலையும் அடிக்கடி மாறாத கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். சைபர் கஃபேகாரர், ஏஜென்ட் மின்னஞ்சல் வேண்டாம். தேர்வு அழைப்பு அதற்குத்தான் வரும், ஆன்லைன் தேர்வுக்குக் கொடுக்கும் நாள் தவறினால் அடுத்த விளம்பரம் வரை காத்திருக்க வேண்டும்.

யசோ_பிரிக்பீல்ட்ஸ்

அந்த இடைவெளியில் செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ ஒரு முதலுதவிப் பயிற்சியை முடித்துவிடட்டும். பாலர் வகுப்பில் மூச்சடைப்புக்கு முதுகில் தட்டுவதும் வயிற்றை அழுத்துவதும் எந்த வயதுக்கு எப்படி என்று கையால் செய்து பழகியிருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் வயிற்றை அழுத்தக் கூடாது. குழந்தையை முன்கையில் கவிழ்த்து, தலை தாழ்வாக இருக்க, ஐந்து முறை முதுகில் தட்டிவிட்டு, திருப்பி மார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். ரம்புத்தான், சின்ன லோங்கான், முழுத் திராட்சை இந்த மூன்றையும் பசியாறலுக்கு யார் கொண்டுவந்தாலும் கொட்டை நீக்கி நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.